பூனாவில் இருக்கும் மாதவனுக்கு

சேலம்,
பொங்கல் முடிந்த வாரம்

அன்புள்ள மாதவா,

உன் மூட்டு வலி இப்போது எப்படி இருக்கிறது? டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை ஒழுங்காகச் செய்கிறாயா, இல்லை தங்கச்சி அதட்டினால்தான் செய்கிறாயா? போனில் கேட்டால் "பரவாயில்லைப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

நீ அனுப்பிய அலெக்சாண்டர் சமாசாரம் வந்தது. அவன் கையில் இருந்த வாள் நம் கஞ்சமலை இரும்பில் அடித்ததாம், பத்துப் பேருக்கு அனுப்பினால்தான் தமிழனாம். நான் யாருக்கும் அனுப்பவில்லை. இந்தியாவில் அலெக்சாண்டருக்கு நூறு தாலந்து (அந்தக் காலத்து எடை) வெள்ளிரும்பு, அதாவது வெண்மையான இரும்பு, காணிக்கையாகக் கிடைத்தது என்று கர்டியஸ் என்ற ரோமானியர் எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் அது பஞ்சாப் பக்கத்துக் கதை. அவர் எழுதியதும் அலெக்சாண்டர் செத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் கழித்து. கஞ்சமலை என்ற பேச்சே அதில் கிடையாது.

எனக்கு வருத்தம் என்னவென்றால், நம் ஊர் இரும்புக்கு இந்தப் பொய் தேவையே இல்லை. நடந்ததைச் சொன்னாலே யாரும் நம்ப மாட்டார்கள்.

மைக்கேல் ஃபாரடேயை உனக்குத் தெரியும். மோட்டார், டைனமோ எல்லாவற்றுக்கும் மூலவர். அந்த மனுஷன் மின்சாரத்தில் பேர் வாங்குவதற்கு முன்னால், 1819ல், உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டது எதைப் பார்த்து? இந்தியாவிலிருந்து லண்டன் போன உருக்குக் கட்டியைப் பார்த்து. ஊட்ஸ் என்று அங்கே அதற்குப் பேர். ஃபாரடேயின் அப்பா ஒரு கொல்லர் என்பதையும் சேர்த்துக்கொள். கூட்டாளி ஜேம்ஸ் ஸ்டோடார்ட், சவரக்கத்தியும் ஆபரேஷன் கத்தியும் செய்கிறவர். ஐரோப்பாவின் முதல் தர உருக்கைவிட இந்திய உருக்கையே தான் விரும்புவதாகத் தன் கடை அட்டையிலேயே அச்சடித்து வைத்திருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து அதில் என்ன கலந்திருக்கிறது என்று தேடினார்கள். அலுமினியமும் சிலிக்காவும்தான் ரகசியம் என்று முடிவுக்கு வந்தார்கள். அது தப்பு. ஆனால் அந்தத் தேடலில் பிளாட்டினம், வெள்ளி, ரோடியம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் உருக்கில் கலந்து பார்த்தார்களே, அதுதான் பெரிய விஷயம். இன்றைக்கு அலாய் ஸ்டீல் என்று நாம் கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதை முறையாக ஆராய ஆரம்பித்தது அங்கேதான். அந்தத் துண்டுகள் 79 ஒரு மரப்பெட்டியில் கிடந்து, நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1931 வாக்கில் ராபர்ட் ஹாட்ஃபீல்டு அவற்றைப் பரிசோதித்துப் புத்தகமே போட்டார்.

சரி, அங்கே பெரிய மூளைகள் திணறிய பொருளை இங்கே எப்படிச் செய்தார்கள்? ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி பார்த்து 1839ல் எழுதி வைத்திருக்கிறார். படிக்கும்போது எனக்குக் கை பரபரத்தது. உமி கலந்த களிமண்ணில் சின்ன மூசை, அதாவது உலோகம் உருக்கும் மண்கிண்ணம். அதற்குள் தேனிரும்புத் துண்டுகள். இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த மரச்சீவல். என்ன மரம் தெரியுமா? ஆவாரை! மேலே ஒன்றிரண்டு எருக்கிலை போட்டு, மூசையின் வாயைக் களிமண்ணால் பூசி அடைத்துக் காயவைப்பார்கள். இருபது, இருபத்துநாலு மூசையை ஒன்றாக அடுக்கி, கரி போட்டு, துருத்தியால் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். ஆறிய பிறகு மூசையை உடைத்தால் உள்ளே உருக்கு.

பொங்கலுக்குக் காப்புக் கட்டிய ஆவாரம்பூவை நேற்றுதான் வாசலிலிருந்து எடுத்துப் போட்டேன். அந்தச் செடிதான். பிள்ளையாருக்கு மாலை போடும் அதே எருக்குதான். மூசைக்குள் காற்றுப் போகாமல் மரமும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள் இறங்கிவிடுகிறது. நான் ஆயுசு முழுக்க லேத்தில் கடைந்த எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ராடில் கார்பன் சுமார் 0.2 சதவீதம்தான். ஊட்ஸில் 1.5 சதவீதம் வரும். அவ்வளவு கார்பன் ஏற்றிய உருக்கைச் சூடு கொஞ்சம் கூடினாலும் அடிக்க முடியாது, உதிர்ந்துவிடும். பக்குவம் தெரிந்தவன் அடித்தால் பட்டறைக்கல்லிலிருந்து இறங்கும் வாளில் தண்ணீர் அலை ஓடும் வரி தெரியும். அந்த வரிக்குக் காரணம் தாதில் இருந்த வனேடியம் என்று வெர்ஹோவன், பெண்ட்ரே என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1990களில் காட்டினார்கள். லட்சத்தில் சில பங்கு இருந்தால் போதுமாம். அதிலும் ஒருவர் பேராசிரியர், ஒருவர் கொல்லர். கொல்லர் இல்லாமல் இந்த வேலை நடக்கவே நடக்காது போலிருக்கிறது!

இந்த உருக்கு வேலை சேலம் பக்கத்தில் மட்டும் நடந்ததல்ல. தென்னாட்டில் பல இடத்திலும், இலங்கையிலும் செய்திருக்கிறார்கள். கப்பலேறிப் பாரசீகம், சிரியா என்று போய் அங்கே வாளானது. உலகம் அதற்கு வைத்த பேர் டமாஸ்கஸ் வாள். பார்த்துக்கொள்.

ஹீத் கதையையும் முடித்துவிடுகிறேன், பாவம். நம் சேலத்துத் தாதை நம்பி 1830களில் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பு ஆலை போட்டார். தாது இங்கேயிருந்து பரிசலில் ஆற்றுவழியாகப் போயிருக்கிறது. கரிக்கு மரம் கிடைக்காமல் ஆலை தள்ளாடியது. அவர் இங்கிலாந்து போய், உருக்கில் மாங்கனீஸ் சேர்த்தால் தரம் கூடும் என்று 1839ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு ஆலைகளில் உருக்கின் செலவு சட்டென்று இறங்கியது. ஆனால் அவருடைய ஏஜெண்டே, விலை மலிவான வேறு வழியில் மாங்கனீஸைச் சேர்க்கலாம் என்று கண்டுபிடித்து, காப்புரிமைக்குள் வராமல் நழுவிவிட்டான். ஹீத் கேஸ் போட்டார். கேஸ் நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. அவர் செத்த பிறகு 1855ல் பிரபுக்கள் சபையில் தீர்ப்பு வந்தது, அதுவும் அவருக்கு எதிராக. நம் செவ்வாய்ப்பேட்டை நிலத்தகராறெல்லாம் எந்த மூலைக்கு?

இன்னொன்று. கஞ்சமலை அடிவாரத்தில் நம் உருக்காலை நிற்கிறதே, அது கஞ்சமலைத் தாதைத் தொட்டதே இல்லை. அந்தத் தாதை நம்பித்தான் முதலில் திட்டம் போட்டார்கள். கடைசியில் 1981ல் ஓட ஆரம்பித்தது எவர்சில்வர் தகடு உருட்டும் ஆலையாக. நாணயம் அச்சடிக்கும் வட்டத் தகடும் அங்கே வெட்டினார்கள். உன் சட்டைப் பையில் கிடக்கும் சில்லறை ஒருவேளை கஞ்சமலைச் சித்தர் கோயில் மணி கேட்டு வளர்ந்த தகடாக இருக்கலாம். நாணயத்தில் ஊர் பேர் போட மாட்டார்கள், அது வேறு விஷயம்.

நம் ஊர் ராசி அப்படி. சரக்கு இங்கே, பேர் வேறு எங்கேயோ. யோசித்துப் பார், மேட்டூர் அணை நம் மாவட்டத்தில், நெல் தஞ்சாவூரில். மலையாளத்தின் முதல் பேசும் படம் "பாலன்" 1938ல் ஏற்காடு ரோட்டில் நம் மாடர்ன் தியேட்டர்ஸில் எடுத்தது. இப்போது அந்த வளைவு மட்டும் நிற்கிறது, பிள்ளைகள் அதன் முன்னால் செல்ஃபி எடுக்கிறார்கள். ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று ரயிலுக்குப் பேர், அது ஈரோட்டுக்குப் போகிறது. (போகட்டும், ரயிலை இருபது கொண்டை ஊசி வளைவில் ஏற்றவா முடியும்.)

ஏற்காடு என்றதும் நினைவுக்கு வருகிறது. மார்கழியில் மேலே போயிருந்தேன். காபிப் பழம் பறிக்கிற சமயம், தோட்டமெல்லாம் சிவப்பு. பஸ் வளைவில் திணறி நிற்கும்போது ஜன்னலை ஒட்டி வெட்டுப்பாறை தெரியும் இல்லையா? வெளியே அழுக்குப் பழுப்பு, புதிதாக உடைத்த இடத்தில் கருநீலம், எண்ணெய்ப் பிசுக்கான பளபளப்பு. சேர்வராயன் மலை மொத்தமும் பெரும்பாலும் இந்தப் பாறைதான், வயது சுமார் 250 கோடி வருஷம். இதற்குப் பேர் சார்னோக்கைட். அந்தப் பேர் கல்கத்தாவில் உள்ள ஒரு கல்லறையிலிருந்து வந்தது!

1690ல் கல்கத்தாவில் போய்க் குடியேறிய கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக் செத்தபோது, கல்லறைக் கல்லுக்குச் சென்னை பல்லாவரம் பக்கத்திலிருந்து கப்பலில் பாறை கொண்டுபோனார்கள். இருநூறு வருஷம் கழித்து, 1893ல், தாமஸ் ஹாலண்டு என்ற புவியியல்காரர் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு, இந்த வகைப் பாறைக்கே சார்னாக்கின் பேரை வைத்தார். அண்டார்டிகாவில் இதே வகைப் பாறை கிடைத்தாலும் இன்றைக்கு சார்னோக்கைட்தான். இதில் வேடிக்கை, சார்னாக்கைக் கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லக் கூடாது என்று 2003ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊர் போய்விட்டது, பாறை மட்டும் அவரிடம் தங்கிவிட்டது. சேர்வராயருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஏற்காட்டை 1842ல் தாமஸ் மன்றோ கண்டுபிடித்தார் என்று சுற்றுலாக் குறிப்பில் பல இடத்தில் போட்டிருக்கிறார்கள். மன்றோ 1827லேயே பத்திகொண்டாவில் காலரா வந்து இறந்துவிட்டார். ஆவி வந்து கண்டுபிடித்தால்தான் உண்டு. அதுவும் போக, காலம் காலமாக மலையாளிகள் (கேரளக்காரர்கள் இல்லை, நம் மலைவாழ் பழங்குடிகள்) விவசாயம் பார்த்து, சேர்வராயனுக்குத் திருவிழா எடுத்துக் கொண்டிருக்கும் மலையில் யார் எதைக் கண்டுபிடிப்பது? காபிச் செடியை அங்கே கொண்டுவந்தது 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். மன்றோவுக்கும் நமக்கும் உள்ள உண்மையான உறவு இதைவிடப் பெரியது. 1792ல் இந்தச் சீமை திப்புவிடமிருந்து கம்பெனி கைக்குப் போனதும், அலெக்சாண்டர் ரீடு கலெக்டர், மன்றோ அவருக்கு உதவியாள். ஏழு வருஷம் இங்கே, தர்மபுரி பக்கம், கூடாரம் போட்டு வயல் வயலாக அளந்தார்கள். ஜமீன்தாரை நடுவில் வைக்காமல் உழவனோடு நேரே தீர்வை பேசும் ரயத்துவாரி முறை அங்கே உருவாகி, பிறகு மதராஸ் மாகாணம் முழுக்கப் பரவியது. உன் அப்பா டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த பட்டாவுக்குத் தாத்தா அதுதான்.

இப்போது உன் ஊருக்கு வருகிறேன். ஏகாதசியன்று பக்கத்து வீட்டு அம்மா சாபுதானா கிச்சடி கொடுத்தார்கள், "புது மாதிரி இருந்தது" என்று எழுதியிருந்தாயே. அட பாவி, அது நம் ஜவ்வரிசியப்பா! அங்கே விரதத்துக்குக் கொட்டும் ஜவ்வரிசியில் பெரும்பங்கு சேலம், நாமக்கல், ஆத்தூர் களத்தில் காய்ந்து போனது. ஆத்தூர் ரோட்டில் என் மச்சினன் சேகோ ஆலைக்குப் போன வாரம் போயிருந்தேன். குச்சிக்கிழங்கு (மரவள்ளிதான்) லாரி வாசலிலேயே நிற்கிறது. தோல் சீவி, கழுவி, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் விடுகிறார்கள். சக்கை திப்பியாக ஒரு பக்கம் ஒதுங்குகிறது, மாட்டுத்தீவனத்துக்குப் போகும். மாவு அடியில் இறுகிவிடும், மேல்தண்ணீரை வடித்துவிட்டு வெட்டித்தான் எடுக்க வேண்டும். புளித்த வாடை ரோடு வரைக்கும் வரும், உனக்கு நினைவிருக்கும். அந்த ஈர மாவை உதிர்த்துக் குலுக்கினால் தானே உருண்டு உருண்டு மணியாகிறது. முன்பு இரண்டு பேர் சாக்குத்துணியில் பிடித்துக் குலுக்கினார்கள், இப்போது மிஷின். சலித்து, எண்ணெய் தடவிய சூட்டுத் தட்டில் வறுத்தால் மேல்தோல் மட்டும் வெந்து கண்ணாடியாகும். அப்புறம் களத்தில் வெயில். வறுக்காமல் ஆவியில் வேகவைத்தால் அது நைலான் ஜவ்வரிசி. கிச்சடிக்கு வறுத்ததுதான் சரி, தங்கச்சியிடம் சொல்.

இந்தக் கிழங்கு நம் நாட்டுடையதே இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்தது. 1880களில் திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் அதைப் பஞ்ச காலத்து உணவாக ஊக்கப்படுத்தினார். இதில் இயல்பாகவே சயனைடு தரும் சத்து இருக்கிறது, அரைத்துக் கழுவி வெயிலில் காயும்போது போய்விடும். அசல் ஜவ்வரிசியோ மலேயாப் பக்கத்து ஒருவகைப் பனை மரத்தின் நடுத்தண்டு மாவு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் அந்தப் பக்கத்தைப் பிடித்ததும் வரத்து நின்றது. 1943 வாக்கில் சேலத்து வியாபாரிகள், பனை இல்லாவிட்டால் என்ன, மரவள்ளி இருக்கிறதே என்று இறங்கினார்கள். போர் முடிந்தது, பனை ஜவ்வரிசியை எல்லோரும் மறந்தே போனார்கள்.

இன்னும் கேள். உன் தட்டில் இருந்த கிச்சடியைப் பிரித்துப் பார். ஜவ்வரிசி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, பச்சை மிளகாய். நாலும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, கொலம்பஸுக்கு முன்னால் இங்கே எவரும் கண்ணால் பார்த்ததில்லை. நெய்யும் சீரகமும்தான் பழைய ஆட்கள். தானியம் சாப்பிடக் கூடாது என்பதுதான் விரதக் கணக்கு, இவை எதுவும் தானியம் இல்லை, அதனால் உள்ளே வந்துவிட்டன. நம் பக்கத்துத் திதிச் சமையல் இதற்கு நேர் எதிர். பல வீடுகளில் மிளகாய் கூடாது, மிளகுதான். உருளை கூடாது, வாழைக்காய்தான். புதிதாக வந்தவன் எவனும் இலையில் உட்கார முடியாது. எங்கள் அம்மா திதியில் இந்தத் தடவை மருமகள், "ஏன் மாமா தக்காளி போடக் கூடாது?" என்று கேட்டாள். தக்காளியும் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது, நம் பாட்டன் பூட்டனுக்கு அதைத் தெரியாதும்மா என்றேன். "அப்போ அவங்களுக்கு டேஸ்ட் பண்ண ஒரு சான்ஸ் கொடுக்கலாமே" என்கிறாள். பதில் சொல்ல முடியவில்லை. வெண்பொங்கலில் எல்லாம் பழைய ஆட்கள் என்று பெருமையாகச் சொல்ல வாயெடுத்தேன், முந்திரி தடுத்துவிட்டது. அது பிரேசில்.

வீட்டு விசேஷம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பட்டறையைப் பையனிடம் விட்டுவிட்டேன், ஆனாலும் காலையில் ஒரு நடை போய் நின்றுவிட்டு வருகிறேன். அவன் சி.என்.சி. மிஷின் வாங்கக் கடன் பேசிக்கொண்டிருக்கிறான். பேத்தி செல்வி ஏழாவது படிக்கிறாள், இந்த ஊட்ஸ் கதையைச் சொன்னதிலிருந்து எருக்கிலையைப் பறித்துக்கொண்டு வந்து, "தாத்தா, நாமளும் செய்யலாம்" என்று உயிரை வாங்குகிறாள். துருத்திக்கு எங்கே போவது? பழைய பட்டறை புளோயர் ஒன்று பரணில் கிடக்கிறது, அதைத் துடைத்து வைத்திருக்கிறேன். களிமண்ணும் உமியும் கலந்து இரண்டு மூசை பிடித்துக் காயப் போட்டோம், ஒன்று அன்றைக்கே வெடித்துவிட்டது. உமி போதவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் பக்கத்தில் இரும்பு வார்ப்பு ஆலைகள் நிறைய உண்டே, அங்கே வேலை பார்த்த யாராவது பழக்கம் இருந்தால், மூசைக்கு எவ்வளவு சூடு வரை கொடுக்கலாம் என்று கேட்டு எழுது.

சித்திரையில் நம் ராமலிங்கத்தின் மகள் கல்யாணம், கொண்டலாம்பட்டியில் மண்டபம். பத்திரிகை உனக்குத் தபாலில் வரும். மாம்பழம் அப்போதுதான் வர ஆரம்பிக்கும், மல்கோவாவுக்கு இன்னும் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். அதனால் கல்யாணத்துக்கு வந்தவன் அப்படியே தங்கிவிடு. டிக்கெட்டை இப்போதே போடு, கீழ்ப் படுக்கை கிடைக்காவிட்டால் அந்த மூட்டு வலியை வைத்துக்கொண்டு ஏற முடியாது.

அன்புடன்,
சண்முகம்